வீட்டு வீடியோவில் ஒலி தெளிவாக இல்லையா? எடிட்டிங் முதல் எக்ஸ்போர்ட் வரை முழுமையான வழிகாட்டி

படம் கொஞ்சம் ஆடினாலும் மங்கினாலும் வீட்டு வீடியோவை உட்கார்ந்து பார்த்துவிடலாம். பேச்சு விழாமல் இரைச்சல் மட்டும் காதில் விழுந்தால் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. வீட்டு வீடியோவில் குரலுக்குத் தனி மதிப்பு உண்டு. குழந்தையின் மழலையும் பெரியவர்களின் சிரிப்பும் ஒருமுறைதான் பதிவாகும். மறுபடி எடுக்க வழியில்லை. அதனால் எது கெட்டிருக்கிறது, எங்கே கெட்டது என்று தெரிந்துகொண்ட பிறகே ஒலியில் கைவைக்க வேண்டும்.

பலரும் எடுத்த எடுப்பிலேயே இரைச்சல் நீக்கும் கருவியைத் திறக்கிறார்கள். கோளாறு எக்ஸ்போர்ட் (முடித்த வீடியோவைக் கோப்பாக வெளியே எடுப்பது) அமைப்பில் இருந்தால் அந்த உழைப்பு முழுவதும் வீண். நன்றாக இருந்த குரலும் அதில் மெலிந்துபோகும்.

மூன்று இடத்தில் கேளுங்கள்

பேச்சு, அமைதி, உரத்த சத்தம் மூன்றும் வரும் 20 விநாடிப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வயர் உள்ள ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே பகுதியை மூன்று முறை கேளுங்கள்.

1. கேமராவிலிருந்தோ போனிலிருந்தோ நேராக வந்த மூலக் கோப்பை விஎல்சி பிளேயரில்.
2. எடிட்டரின் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்).
3. எக்ஸ்போர்ட் செய்த கோப்பை மறுபடி விஎல்சியில்.

முதல் இடத்திலேயே கெட்டிருந்தால் அது பதிவின் குறை. வடிகட்டி, ஈக்யூ (அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) போன்ற கருவிகளுக்கு அங்கேதான் வேலை. மூலக் கோப்பு நன்றாக இருந்து டைம்லைனில் கெட்டால், கோப்பின் வகைக்கும் புராஜெக்ட் அமைப்புக்கும் பொருத்தமில்லை. டைம்லைன்வரை நன்றாக இருந்து கடைசிக் கோப்பில் மட்டும் கெட்டால் எக்ஸ்போர்ட் அமைப்பைப் பாருங்கள். மூன்றும் சரி, டிவியிலோ அடுத்தவர் போனிலோ மட்டும் மோசம் என்றால் சேனல் (இடது, வலது என ஒலியின் தனிப் பாதை) கோளாறாக இருக்கலாம், அல்லது அனுப்பிய செயலி சுருக்கியிருக்கலாம்.

வயர் உள்ள ஹெட்போன் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வரும். உதட்டசைவு பொருந்தவில்லை என்று நினைத்து, பொருந்தியிருந்ததை நீங்களே நகர்த்திக் கெடுத்துவிடுவீர்கள். கணினி அந்த ஹெட்போனின் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கினால் ஒலி முழுவதும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். கோப்பில் ஒரு குறையும் இருக்காது. கேட்கும் பாதைதான் குறுகியிருக்கும். விண்டோஸின் ஒலி அமைப்பில் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ இயங்கிக்கொண்டிருந்தாலும் அணைத்துவிடுங்கள். அது சத்தத்தை ஏற்றி இறக்குவதால் நீங்கள் கேட்பது கோப்பில் உள்ள ஒலியாக இருக்காது.

மூலக் கோப்பின் உள்விவரம்

‘மீடியா இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் மூலக் கோப்பைத் திறந்து நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆடியோ கோடெக் (ஒலியைக் கோப்பில் சேமித்த முறை), சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளந்து பதிவாகியது), சேனல்களின் எண்ணிக்கை, வீடியோவின் ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படங்கள்) நிலையானதா மாறுவதா.

இவற்றில் சாம்பிள் ரேட் நிறையச் சொல்லும். ஒரு பதிவில் இருக்கக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண் அதன் சாம்பிள் ரேட்டில் பாதிதான். 48,000 ஹெர்ட்ஸில் பதிவான ஒலியில் 24,000 ஹெர்ட்ஸ்வரை இடம் உண்டு; காதுக்கு எட்டுவது முழுவதும் அதில் அடங்கிவிடும். பழைய போன்களின் 3ஜிபி கோப்புகளில் பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸ்தான் இருக்கும். அதில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே பதிவாகவில்லை. ‘ஸ’, ‘ஷ’, ‘ச’ போன்ற எழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. எக்ஸ்போர்ட்டில் 48,000 என்று மாற்றினாலும், ஈக்யூவில் ட்ரெபிளை ஏற்றினாலும், இல்லாதது வராது. ஏற்கெனவே இருக்கும் உஸ்ஸென்ற இரைச்சல்தான் உயரும். அப்படிப்பட்ட கோப்பில் சத்த அளவைச் சீராக்கி, நடுப் பகுதியைச் சற்றுத் தூக்கிவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது.

மினிடிவி (பழைய டிஜிட்டல் வீடியோ கேமராக்களின் டேப்) கேசட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேமராக்களில் 16 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்ற முறையும், 12 பிட், 32,000 ஹெர்ட்ஸ் என்ற முறையும் இருந்தன. ஒரே கேசட்டில் இரண்டும் கலந்திருந்தால், சில மென்பொருள்கள் கணினிக்கு மாற்றும்போது முறை மாறும் இடத்திலிருந்து ஒலியைத் தவறாகப் படிக்கும். மாறும் இடத்தில் நிறுத்தி, அடுத்த பகுதியைத் தனிக் கோப்பாகப் பிடியுங்கள்.

டைம்லைனில் மட்டும் ஒலி கெடுகிறதா?

குரல் வழக்கத்தைவிடக் கீச்சென்றோ கனத்தோ ஒலித்தால் சாம்பிள் ரேட் குழப்பம்தான். 44,100 ஹெர்ட்ஸ் கோப்பை மென்பொருள் 48,000 என்று தவறாக எடுத்துக்கொண்டால் ஒலி சுமார் 8.8 சதவீதம் வேகமாக ஓடும். சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) உயரும். எடிட்டரை மூடிவிட்டு, அந்த ஒலியை 48,000 ஹெர்ட்ஸில் சுருக்கப்படாத வேவ் கோப்பாக மாற்றிக்கொண்டு வாருங்கள். புராஜெக்ட் அமைப்பையும் முதலிலேயே 48,000-க்கு வையுங்கள். வீடியோவுக்கான வழக்கமான அளவு அதுதான். 44,100 என்பது சிடி இசைத் தகடுகளின் காலத்திலிருந்து வருவது.

தொடக்கத்தில் பொருந்தியிருந்த உதட்டசைவு போகப்போக விலகுகிறதா? பெரும்பாலும் மாறும் ஃபிரேம் ரேட்தான் காரணம். போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப விநாடிக்கு 30, 28, 24 என்று ஃபிரேம்களை மாற்றிக்கொண்டே பதிவு செய்யும். ஒலிக்கு அப்படி ஏற்ற இறக்கம் கிடையாது. எடிட்டர் எல்லா ஃபிரேமையும் சம இடைவெளியில் அடுக்கும்போது படம் விலகிப்போகும். ஒலியை வெட்டி வெட்டி நகர்த்தி ஒட்டுவது முடிவில்லாத வேலை. எடிட்டிங்குக்கு முன்பே ‘ஹேண்ட்பிரேக்’ மென்பொருளில் வீடியோ பிரிவுக்குப் போய் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆடியோ பிரிவில் ‘ஏஏசி பாஸ்த்ரூ’ வையுங்கள் (ஏஏசி என்பது ஒலியைச் சுருக்கும் ஒரு முறை). ஒலி மறுபடி சுருக்கப்படாமல் அப்படியே வரும். தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 18 அளவில் வைத்தால் படமும் கண்ணுக்குத் தெரியும்படி கெடாது. ‘ஷாட்கட்’ எடிட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கு, கோப்பின் பண்புகளில் ‘கன்வர்ட் டு எடிட் ஃபிரெண்ட்லி’ என்ற வசதி இதே வேலையைச் செய்யும்.

விலகல் எவ்வளவு என்று அளந்தாலே காரணம் சில நேரம் பிடிபட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்குச் சரியாக 3.6 விநாடி விலகினால், 29.97 ஃபிரேம் வீடியோவை எங்கோ 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு விநாடியில் சிறு பங்கு மட்டும் விலகி, ஒலி தனி ரெக்கார்டரில் எடுத்ததாக இருந்தால், இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போகவில்லை. தொடக்கத்தில் ஓர் ஒலியையும் முடிவில் ஓர் ஒலியையும் படத்தோடு பொருத்தி, ஆடியோ கிளிப்பின் வேகத்தை 99.99 என்பதுபோல் நுணுக்கமாக மாற்றினால் சரியாகிவிடும்.

தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவில் விலகியிருந்தால் நகர்த்தினாலே போதும். ஒலி படத்துக்கு முந்தி வருவது, பிந்தி வருவதைவிடச் சீக்கிரம் உறுத்தும். உலக ஒலிபரப்புத் தரங்களை வகுக்கும் ஐடியூவின் ஆய்வுகளில், ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். பிந்தும்போது 125 மில்லிவிநாடிவரை தெரியவில்லை. இயற்கையிலும் ஒலி ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது. பத்து மீட்டர் தூரத்தில் பேசுபவரின் குரல் 29 மில்லிவிநாடி கழித்தே மைக்கை அடையும். ஒரு ஃபிரேம் சந்தேகம் இருந்தால் ஒலியைப் பிந்தவிடுங்கள்.

படம் வருகிறது, ஒலியே வரவில்லை என்றால் கோடெக்கைப் பாருங்கள். உதாரணமாக, லினக்ஸில் இயங்கும் ‘டாவின்சி ரிசால்வ்’ எடிட்டரின் இலவசப் பதிப்பு ஏஏசி ஒலியைப் படிக்காது. ஆடியோவை, சுருக்கப்படாத ஒலி வகையான பிசிஎம்முக்கு மாற்றிய பிறகே இறக்க வேண்டும். டிவிடியிலிருந்து எடுத்த கோப்புகளின் ஏசி-3 ஒலியும் சில எடிட்டர்களில் இதேபோல் மறைந்துவிடும்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறதா? தனி மைக் இடது சேனலில் மட்டும் பதிவாகியிருக்கும். கிளிப்பின் ஆடியோ அமைப்பில் இடது சேனலை இரண்டு பக்கத்துக்கும் நகலெடுங்கள். ஒலியை இடம் வலமாக நகர்த்தும் பேன் பொத்தானை நடுவுக்குத் திருகுவதால் எல்லா எடிட்டரிலும் இது சரியாகாது.

ஹெட்போனில் நன்றாகக் கேட்கும் குரல் போனின் ஒற்றை ஸ்பீக்கரில் மறைந்துபோவது எளிதில் பிடிபடாத கோளாறு. இரண்டு சேனலிலும் ஒரே குரல், ஆனால் அலைகள் நேரெதிராக. ஒன்றாகச் சேர்த்ததும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்டீரியோவை இரண்டு மோனோ (ஒற்றைச் சேனல்) டிராக்காகப் பிரித்து, ஒன்றை மட்டும் ‘இன்வர்ட்’ செய்யுங்கள். இன்னும் எளிய வழி, ஒரு சேனலை அடியோடு நீக்கிவிட்டு மற்றதை இரண்டு பக்கமும் வைப்பது.

சில ஹேண்டிகேம்கள் 5.1 சேனலில் பதிவு செய்தன. அந்தக் கோப்பில் முதல் இரண்டு சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளும் எடிட்டரில், நடுச் சேனலில் இருக்கும் பேச்சு கைவிட்டுப் போகும். முறையான ஸ்டீரியோ டவுன்மிக்ஸ் (எல்லாச் சேனலையும் இரண்டாகக் கலப்பது) செய்துகொண்டு எடிட் செய்யுங்கள்.

பதிவிலேயே உள்ள குறைகள்: வரிசை முக்கியம்

எடிட்டரிலேயே பல வடிகட்டிகள் இருந்தாலும், பேச்சைச் சீராக்க ஆடாசிட்டி போன்ற தனி ஒலி மென்பொருள் வசதியானது. டைம்லைனில் வெட்டு வேலை முடிந்ததும் பேச்சு டிராக்கை மட்டும் 48,000 ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக வெளியே எடுங்கள். சரிசெய்த வேவை அதே தொடக்கப் புள்ளியில் திரும்ப வையுங்கள். பழைய டிராக்கை அழிக்காமல் மியூட் செய்துவையுங்கள். எம்பி3-ஆக எடுக்க வேண்டாம். அந்த வகைக் கோப்பின் தொடக்கத்தில் மிகச் சிறிய வெற்றிடம் சேரும். தரமும் ஒரு படி இறங்கும்.

வேலை வரிசை இது: உடைந்த உச்சங்கள், அடிக்குரல் உறுமல், தொடர் இரைச்சல், ஈக்யூ, கம்பிரஷன் (உரத்த ஒலிக்கும் மெலிந்த ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது), கடைசியில் மொத்தச் சத்த அளவு. கம்பிரஷனை முன்னால் செய்தால் பேச்சுக்கு இடையே உள்ள இரைச்சலும் சேர்ந்து உயர்ந்துவிடும். அதை நீக்க இரண்டு மடங்கு வலுவான வடிகட்டி தேவைப்படும். குரல் அதில் அடிபடும்.

உடைந்த ஒலி: அலைவடிவத்தின் தலை கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால் அது கிளிப்பிங். டிஜிட்டல் ஒலியில் 0 டெசிபெலுக்கு மேல் இடமே இல்லை. அதைத் தாண்டிய பகுதி பதிவாகவில்லை. சத்தத்தைக் குறைத்தால் அதே தட்டையான அலை சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான். 32 பிட் ஃபுளோட்டில் பதிவு செய்யும் ரெக்கார்டராக இருந்தால் மட்டும், குறைத்தவுடன் உச்சங்கள் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. மற்றவற்றுக்கு ஆடாசிட்டியின் ‘கிளிப் ஃபிக்ஸ்’ சீவப்பட்ட உச்சியை ஊகித்து நிரப்பும். கைதட்டல், கூச்சல் போன்ற சிறு இடங்களில் இது பலன் தரும். நிமிடக்கணக்கில் உடைந்திருந்தால் பலன் குறைவு. இரண்டு சேனலையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடக் குறைவாக உடைந்திருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உறுமலும் காற்றும்: பேச்சில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பயனுள்ளது எதுவும் கிட்டத்தட்ட இல்லை. வாகன அதிர்வும், கேமராவைப் பிடித்த கையின் உரசலும்தான் அங்கே இருக்கும். தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரை 80 முதல் 100 ஹெர்ட்ஸில், ஆக்டேவுக்கு 24 டெசிபெல் சரிவில் போட்டாலே பாதிக் கிளிப்புகள் தெளிந்துவிடும். செலவில்லாத, ஆபத்தில்லாத முதல் உதவி இது. காற்று மைக்கில் மோதிய இடங்களில் 150 அல்லது 200 ஹெர்ட்ஸ்வரை ஏற்றலாம். ஆண் குரல் சற்று மெலியும், ஆனால் சொல் புரியும். காற்று மோதி ஒலி உடைந்தே போயிருந்தால் எந்த வடிகட்டியும் மீட்காது. அந்த வரிகளுக்குத் திரையில் எழுத்து போடுவதே நேர்மையான தீர்வு.

மின்சார ரீங்காரம்: நாட்டின் மின் அதிர்வெண்ணைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் தொடங்கி, அதன் மடங்குகளில் 100, 150 அல்லது 120, 180 என்று தொடரும். ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படம்) பார்த்தால் படுக்கைக் கோடுகளாகத் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும், அந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைக் குறுகலாக, க்யூ மதிப்பு 10 அளவில் போடுங்கள். அகலமாகப் போட்டால் குரலின் சதையும் போய்விடும். விஎச்எஸ் கேசட்டை மாற்றும்போது ரீங்காரம் வந்தால் முதலில் கருவிகளின் இணைப்பைப் பாருங்கள். விசிஆரையும் கணினியையும் ஒரே மின் பலகையில் செருகினாலே பல நேரம் நின்றுவிடும். ஹை-ஃபை விசிஆரில் கரகரவென்ற பஸ் சத்தம் கேட்டால், சுழலும் ஹெட் டேப்பின் தடத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை. டிராக்கிங்கைச் சரிசெய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஒலியை ‘நார்மல்’ எனப்படும் லீனியர் டிராக்குக்கு மாற்றிப் பிடியுங்கள். தரம் குறைவுதான், ஆனால் கரகரப்பு இருக்காது.

தொடர் இரைச்சலை நீக்குதல்

அதிகப்படியாகச் செய்து கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரைச்சல் நீக்கும் கருவிக்கு மாறாத சத்தம்தான் புரியும்: மின்விசிறி, ஏசி, டேப்பின் உஸ்ஸென்ற ஒலி. கூட்டத்தின் பேச்சு, தெருவில் போகும் வாகனம், தட்டு உருளும் ஓசை எல்லாம் ஒவ்வொரு கணமும் மாறுபவை. அவற்றை இதனால் பிரிக்க முடியாது.

1. யாரும் பேசாத, விசிறி ஓசை மட்டும் கேட்கும் ஒன்று அல்லது இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுங்கள். மூச்சுச் சத்தம்கூட அதில் இருக்கக் கூடாது.
2. ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ திறந்து ‘கெட் நாய்ஸ் புரொஃபைல்’ அழுத்துங்கள்.
3. சரிசெய்ய வேண்டிய பகுதி முழுவதையும் தேர்ந்தெடுத்து மறுபடி அதே கருவியைத் திறங்கள். குறைப்பு 6 முதல் 10 டெசிபெல், சென்சிட்டிவிட்டி 6, ஃபிரீக்வென்சி ஸ்மூத்திங் 3 என்று வையுங்கள்.
4. ‘ரெசிட்யூ’ என்பதைத் தேர்ந்து முன்னோட்டம் கேளுங்கள். நீக்கப்படப்போகும் ஒலி மட்டும் இதில் கேட்கும். அதில் விசிறி மட்டும் இருந்தால் சரி. சொற்கள் புரிகிற அளவுக்குக் குரல் கேட்டால் உங்கள் கை கனத்துவிட்டது; குறையுங்கள்.
5. ‘ரெட்யூஸ்’ என்பதற்கு மாற்றிவிட்டுச் செயல்படுத்துங்கள்.

குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல, உலோகத் தகட்டில் மோதுவதுபோலக் கேட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள். 20 டெசிபெலை ஒரே அடியில் நீக்குவதைவிட, 6 டெசிபெல் நீக்கிவிட்டு மெல்லிய விசிறி ஓசையை விட்டுவைப்பது நல்லது. அது அந்த அறையின் ஒலி. காது இரண்டு விநாடியில் பழகிக்கொள்ளும். சிதைந்த குரலுக்குக் காது பழகவே பழகாது. கிளிப் மாறினால் இரைச்சலும் மாறும்; ஒவ்வொரு இடத்துக்கும் புதிதாகப் புரொஃபைல் எடுக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு கருவிகள் மாறும் இரைச்சலையும் எதிரொலியையும்கூட வியக்கும்படி நீக்குகின்றன. ஆனால் அவற்றுக்குப் பெரியவர்களின் பேச்சுதான் பழக்கம். மழலை, விம்மல், தூரத்திலிருந்து வரும் சிரிப்பு, முணுமுணுத்த பாட்டு இவற்றை இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். தெளிவில்லாத சொல்லைத் தானே வேறு ஒலியாக மாற்றியும் விடலாம். வீட்டு வீடியோவில் அவைதானே பொக்கிஷம். பயன்படுத்துவதானால் கருவி தரும் அளவை 60, 70 சதவீதத்தோடு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சுத்தமாக்கிய டிராக்குக்கு அடியில் மூல ஒலியை 10 டெசிபெல் குறைவாகக் கலந்துவிடுங்கள். இணையவழிக் கருவியானால் குடும்பத்தாரின் குரல் வேறொருவர் சர்வருக்குப் போகிறது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

எதிரொலி எல்லாவற்றையும்விடப் பிடிவாதமானது. பேசியவர் தூரத்தில் இருந்ததால் வருவது அது. தூரம் இரண்டு மடங்கானால் நேரடிக் குரல் 6 டெசிபெல் குறையும்; சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். 300 முதல் 500 ஹெர்ட்ஸ் பகுதியை 3 டெசிபெல் தணித்தால் குகைக்குள் பேசும் உணர்வு சற்றுக் குறையும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஈக்யூ, கம்பிரஷன், மொத்த அளவு

ஈக்யூவில் மூன்று இடம் போதும். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸில் 2 அல்லது 3 டெசிபெல் குறையுங்கள். சொல் தெளிய 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸில் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுங்கள். ‘ஸ’ ஒலி காதைக் குத்தினால் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸில் டி-எஸ்ஸர் போடுங்கள். 6 டெசிபெலுக்கு மேல் எதையாவது ஏற்ற வேண்டியிருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

ஒருவர் மைக்குக்கு அருகே, மற்றவர் அறை மூலையில்: வீட்டு வீடியோவில் நாள்தோறும் வரும் சிக்கல். கம்பிரஸரை மட்டும் நம்பி இதைச் சமாளிக்க முடியாது. முதலில் கிளிப்பை வெட்டி, மெதுவாகப் பேசியவரின் துண்டுகளைக் கையால் ஏற்றுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பலன் இதில்தான் அதிகம். பிறகு கம்பிரஸரை 3:1 விகிதம், திரெஷோல்டு (எந்த அளவுக்கு மேல் குறைப்பது) −20 டெசிபெல், அட்டாக் (குறைக்க எடுக்கும் நேரம்) 10 மில்லிவிநாடி, ரிலீஸ் (பழைய அளவுக்குத் திரும்பும் நேரம்) 150 மில்லிவிநாடி என்று தொடங்கி, உரத்த இடத்தில் 4 முதல் 6 டெசிபெல் குறையும்படி சரிசெய்யுங்கள். வாக்கியங்களுக்கு இடையே இரைச்சல் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கினால் திரெஷோல்டை உயர்த்துங்கள்.

மொத்தச் சத்தத்தை உச்ச அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரே ஒரு கைதட்டல் உச்சத்தைத் தொட்டிருந்தால் ‘நார்மலைஸ்’ அதோடு நின்றுவிடும்; பேச்சு மெலிவாகவே இருக்கும். காது உணரும் சத்தத்தை அளப்பது லஃப்ஸ் என்ற அலகு. வீட்டு வீடியோவுக்கு −16 லஃப்ஸ் நல்ல இலக்கு. போன் ஸ்பீக்கரிலும் கேட்கும், டிவியிலும் அலறாது. யூடியூப் உரத்த ஒலியைச் சுமார் −14 லஃப்ஸுக்கு இறக்கிவிடுவதால், அதற்கு மேல் ஏற்றி எந்த லாபமும் இல்லை. ஆடாசிட்டியின் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ −23 என்ற ஒலிபரப்பு அளவில் இருந்தால் −16 என மாற்றுங்கள். பிறகு உச்சங்களை எல்லை மீறவிடாத லிமிட்டரை −1 டெசிபெலில் போடுங்கள். 0 வரை நிரப்பினால் ஏஏசியாகச் சுருங்கும்போது உச்சங்கள் சற்று உயர்ந்து, டைம்லைனில் இல்லாத கரகரப்பு எக்ஸ்போர்ட் கோப்பில் புதிதாக முளைக்கும்.

வெட்டும் இடங்களும் பின்னணி இசையும்

வெட்டும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்டால் அலை நடுவழியில் அறுந்திருக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு ஃபிரேம் நீளத்துக்குக் கிராஸ்ஃபேட் (ஒன்று தணிய மற்றது எழுவது) போடுங்கள். பேச்சை நீக்கிய இடத்தை முழு அமைதியாக விட்டால் ஒலி அணைந்து அணைந்து எரிவதுபோல் தோன்றும். அதே கிளிப்பில் யாரும் பேசாத 5 அல்லது 10 விநாடி அறை ஒலியை நகலெடுத்து அந்த இடைவெளியில் நிரப்புங்கள். கேமராவைத் தட்டிய ஓசை, கதவு அறைந்த ஓசை போன்றவற்றையும் வடிகட்டிப் பார்க்காமல், வெட்டிவிட்டு அறை ஒலியால் மூடுவதே சுலபம்.

பின்னணி இசை பேச்சைவிட 18 முதல் 20 டெசிபெல் கீழே இருக்கட்டும். எடிட் செய்பவருக்கு எல்லா வசனமும் மனப்பாடம் என்பதால் இசை எவ்வளவு உரக்க இருந்தாலும் பேச்சு புரிவதுபோலவே தோன்றும். சந்தேகம் வந்தால் இன்னும் 3 டெசிபெல் குறையுங்கள். பாடல் வரிகள் உள்ள இசையைப் பேச்சுக்கு அடியில் வைக்கவே வேண்டாம்.

எக்ஸ்போர்ட்

எம்பி4 கோப்பில் ஏஏசி, 48,000 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, 320 கேபிபிஎஸ். இதை வைத்துக்கொண்டால் ஒலி இந்தக் கட்டத்தில் கெடாது. பல எடிட்டர்களின் ‘சிறிய கோப்பு’ வார்ப்புருக்களில் ஆடியோ 96 அல்லது 64-க்கு இறங்கியிருக்கும். கைதட்டலும் ‘ஸ’ ஒலியும் நீர்க்குமிழிபோல் குழைவது அதனால்தான். 128-க்கும் 320-க்கும் உள்ள வித்தியாசம் நிமிடத்துக்கு 1.44 எம்பி மட்டுமே. 10 எம்பிபிஎஸ் வேகத்தில் படம் மட்டும் நிமிடத்துக்கு 75 எம்பி பிடிக்கிறது. கோப்பைச் சிறிதாக்க வேண்டுமானால் படத்தில் குறையுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்ததைத் திரும்ப இறக்கி எடிட் செய்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். ஒவ்வொரு சுருக்கலும் முந்தைய சுருக்கலின் குறையோடு புதிய குறையைச் சேர்க்கும். திருத்தம் வேண்டுமென்றால் புராஜெக்டைத் திறந்து திருத்துங்கள். சேனல் 5.1 என்று இருந்தால் ஸ்டீரியோவாக்குங்கள்; இல்லையென்றால் சாதாரண டிவியில் பேச்சு பள்ளத்தில் விழுந்ததுபோல் கேட்கும். வேகத்தைக் கூட்டிக் குறைத்த கிளிப்புகளில் ‘மெயின்டெயின் பிட்ச்’ (சுருதியை மாறாமல் வைப்பது) இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

முழு வீடியோவையும் எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன், உரத்த இடமும் மெதுவான இடமும் உள்ள ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து ஹெட்போன், போன் ஸ்பீக்கர், டிவி மூன்றிலும் கேளுங்கள். போனின் ஒற்றை ஸ்பீக்கரில் பேச்சு புரிந்தால் மற்ற இடங்களில் அநேகமாகப் புரியும். முழுக் கோப்பு வந்ததும் முதல் நிமிடம், நடு, கடைசி நிமிடம் மூன்றிலும் உதட்டசைவைப் பாருங்கள்; விலகல் இருந்தால் கடைசி நிமிடம் காட்டிக்கொடுத்துவிடும்.

உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது படத்தையும் ஒலியையும் மறுபடி சுருக்கும். டாக்குமென்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை கோப்பு அப்படியே போகும். அதைவிடப் பெரிய கோப்புக்கு கிளவுட் இணைப்பைக் கொடுங்கள்.

சேமிக்கும்போது மூலக் கோப்புகள், புராஜெக்ட் கோப்பு, சரிசெய்த பேச்சின் வேவ் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். 16 பிட் ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு சுமார் 11.5 எம்பி, ஒரு மணி நேரப் பேச்சு 700 எம்பிக்குள் அடங்கிவிடும். இன்று விசிறிச் சத்தத்தில் மூழ்கியிருக்கும் ஒரு வாக்கியத்தைப் பிரித்தெடுக்கும் கருவி பின்னால் வரும்போது அதற்குக் கொடுக்க வேண்டியது கைபடாத மூலக் கோப்பைத்தான். ஆகவே இடம் போதவில்லை என்று அதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.